மெரினா விடியலைப் புள்ளிகளால் தீட்டுவது எப்படி? பாயின்டிலிசம் முழு வழிகாட்டி

தி.நகர் பட்டுக்கடை ஒன்றில் மயில்கழுத்துப் புடவையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீல நூலும் பச்சை நூலும் தனித்தனியாகத் தெரியும். கடைக்காரர் அதையே நான்கு முழம் தள்ளி விரித்துக் காட்டும்போது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. அசைய அசைய மினுங்கும் மூன்றாவது நிறம் ஒன்று நிற்கிறது. சாயத் தொட்டியில் யாரும் அந்த நிறத்தைக் கலக்கவில்லை. கலந்தது பார்க்கிறவரின் கண்.

நூலுக்குப் பதில் வண்ணப் புள்ளிகளை வைத்து இதைச் செய்வதுதான் பாயின்டிலிசம். பிரான்சில் ஓவியர் ஜார்ஜ் சூரா (1859–1891) இதை ஒரு முறையாக வளர்த்தார். 1884 முதல் 1886 வரை அவர் உழைத்த 'கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்' ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. இப்போது சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அவருக்கு அடிப்படை தந்தவர்களில் ஒருவர் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர் அவர். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். அந்த ஆய்வு 1839இல் நூலாக வந்தது. ஆக, இந்த ஓவிய முறைக்கும் தறிக்கும் உறவு உண்மையிலேயே உண்டு.

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது 8×10 அங்குலப் படம் ஒன்று. நொச்சிக்குப்பம் பக்கத்து மணலில் இழுத்து நிறுத்திய ஃபைபர் படகு, பின்னால் கடல், சூரியன் எழும் நேரம். வண்ணம் அக்ரிலிக்.

முதலில் தெளிய வேண்டியது: மஞ்சளும் நீலமும் பச்சை ஆகாது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். பேலட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை வரும். அதே இரண்டையும் புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தால் வருவது சாம்பல் கலந்த மங்கல். காரணம் எளிது. குழைக்கும்போது ஒவ்வொரு நிறமியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட, இரண்டும் விழுங்காமல் விட்ட பச்சை மட்டும் மிஞ்சுகிறது. புள்ளிகளாக வைக்கும்போது இரண்டிலிருந்தும் வரும் ஒளி கண்ணில் சராசரியாகிறது. எதிரெதிர் நிறங்களின் சராசரி சாம்பல்தான்.

இதிலிருந்து மூன்று நடைமுறை விதிகள் கிடைக்கின்றன. துலக்கமான பச்சை வேண்டுமானால் மஞ்சள்பச்சைப் புள்ளியும் நீலப்பச்சைப் புள்ளியும் வையுங்கள். அதாவது வண்ணச் சக்கரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களை. அடக்கமான நிறம் வேண்டுமானால் எதிர்நிறத்தை, அதாவது சக்கரத்தில் நேரெதிரே இருக்கும் நிறத்தை, சிறிதளவு தூவுங்கள். எந்த நிறத்தையும் பிரகாசமாக்கிக் காட்ட வேண்டுமானால், எதிர்நிறத்தை அதற்குள் தூவாமல் அதன் ஓரத்தில் வையுங்கள்.

டோன்: படத்தைத் தாங்கும் தூண்

புள்ளிகள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. படத்தை நிறுத்துவது டோன், அதாவது ஒரு இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. சூரா கறுப்பு கான்டே கட்டியால் வரைந்த ஓவியங்களைப் பார்த்தால், கோடே இல்லாமல் வெறும் டோனால் உருவங்களை எழுப்பியிருப்பது தெரியும். புள்ளி வைக்குமுன் அவருக்கு இருந்த பயிற்சி அது.

டோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிரித்தறியும். நிற வேறுபாட்டை அந்த அளவு கூர்மையாகப் பிரிக்காது. அதனால் ஒரே டோனில் உள்ள ஆரஞ்சுப் புள்ளியும் நீலப் புள்ளியும் சீக்கிரம் ஒன்றாகிவிடும். வெளிர் மஞ்சளும் கரும் நீலமும் அடுத்தடுத்து வந்தால் வெகுதூரம் தள்ளிப் போகும்வரை அம்மைத் தழும்பு போல உறுத்திக்கொண்டிருக்கும்.

தூரக் கணக்கைப் பார்ப்போம். புள்ளி மையத்துக்கும் அடுத்த புள்ளி மையத்துக்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், நல்ல பார்வை உள்ளவருக்கு அவை முழுதாக ஒன்றாகத் தெரிய ஏறத்தாழ 3.4 மீட்டர் தேவை. 2 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 7 மீட்டர். சென்னை ஃபிளாட்டில் 10 அல்லது 12 அடி ஹாலில் அந்தத் தூரம் கிடையாது. ஆனால் டோனைப் பொருத்திவிட்டால் ஏறத்தாழ பாதித் தூரத்திலேயே நிறங்கள் சேர ஆரம்பிக்கும். ஆகவே 2 மில்லிமீட்டர் புள்ளி, பொருத்திய டோன், 10 அடி ஹால். இது ஏறக்குறைய உட்காரும் கணக்கு.

8×10 அங்குலத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 13,000 புள்ளிகள் பிடிக்கும். நொடிக்கு ஒன்று என்றாலும் மூன்றரை மணி நேரம். பிரஷைத் தோய்ப்பது, நிறம் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் பத்து மணி நேரம் ஆகும். ஐந்தாறு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்கே பெரிய கேன்வாஸ் வேண்டாம். பாதியில் நின்றுபோன பெரிய படத்தைவிட முடித்த சிறிய படம் நிறையக் கற்றுத்தரும்.

பொருட்கள்

பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். கேன்வாஸின் நெசவு மேடுபள்ளத்தில் புள்ளி உடைந்து நட்சத்திரம் போலாகிவிடும். 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை நல்லது. முன்பக்கம் மூன்று பூச்சு ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கவும். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு கட்டாயம். ஒருபக்கம் மட்டும் பூசிய பலகை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில்லாக வளைந்துவிடும்.

வண்ணங்கள் எட்டு போதும்: எலுமிச்சை மஞ்சள், அடர் மஞ்சள், ஆரஞ்சு, வெர்மிலியன் சிவப்பு, குவினாக்ரிடோன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், தேலோ பச்சை, டைட்டானியம் வெள்ளை. வெள்ளை மட்டும் இரண்டு மடங்கு வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். டியூபின் பின்புறம் நிறமிக் குறியீடு இருக்கும். ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள டியூபாகத் தேர்ந்தெடுங்கள். அல்ட்ராமரைன் பிபி 29, தேலோ பச்சை பிஜி 7. கிரிம்சன் என்ற பெயரில் பிஆர் 83 இருந்தால் தவிர்க்கவும், வெளிச்சத்தில் வெளுக்கும் நிறமி அது. இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. சூரா கிராண்ட் ஜாட்டின் புள்ளிகளில் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டது. வெயிலில் பளிச்சென்று நிற்க வேண்டிய மஞ்சள் புள்ளிகள் இன்று காவி நிறத்தில் இருக்கின்றன. நிறத்தின் துலக்கத்துக்காகவே பிறந்த படத்துக்கு இது நேர்ந்தது.

கறுப்பும் மண் நிறங்களும் வாங்க வேண்டாம். அவை கையில் இருந்தால் கை தானாக அங்கேதான் போகும்.

புள்ளிக்கு வட்ட முனை பிரஷ், 1 மற்றும் 2 நம்பர், செயற்கை இழை. புது பிரஷின் கூர் முனை காற்புள்ளி போல வாலோடு விழும். பழைய பிரஷின் முனையை அரை மில்லிமீட்டர் நேராக வெட்டிவிட்டால் உருண்டையான 2 மில்லிமீட்டர் புள்ளி கிடைக்கும். பட்ஸ் தேவையில்லை, அது 5 மில்லிமீட்டர் அளவில் பஞ்சு இழையோடு ஒட்டும். மண்டலா ஓவியத்துக்கு விற்கும் உலோகக் குண்டுமுனைக் கருவி ஒரே அளவு புள்ளி தரும்தான். ஆனால் அது முத்துப்போல் மேடாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து நிறத்தைக் கெடுக்கும்.

அக்ரிலிக் சென்னைச் சித்திரையில் பேலட்டிலேயே தோலாகிவிடும். அகலமான டிபன் பாக்ஸில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணங்களை வையுங்கள். மூடி போட்டால் இரண்டு மூன்று நாள் காயாது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம்.

படி 1: காட்சியைத் தேர்வு செய்தல்

சென்னையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலை நோக்கி நின்றால் வெளிச்சம் எதிரே இருக்கும். படகின் நம்மைப் பார்த்த பக்கம் நிழலில் இருக்கும். நிழல் நம்மை நோக்கி மணலில் நீளும். இருண்ட படகு, ஒளிரும் கடல் என்ற தெளிவான பிரிவு புள்ளி ஓவியத்துக்கு மிகவும் பொருந்தும். கலங்கரை விளக்கம் கரைப் பக்கம் இருக்கிறது. அழகுக்காக அதைக் கடல் பக்கம் கொண்டுபோய் வைத்தால் நகரத்துக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குறுக்கே ஐந்து புள்ளிகூட விழாத எதையும் வரைய முடியாது. அதாவது 10 மில்லிமீட்டருக்குச் சிறியவை எல்லாம் வேண்டாம். வலைக்கயிறு, காகம், படகில் எழுதிய பெயர் மூன்றையும் விட்டுவிடுங்கள். கரையில் நிற்கும் ஒருவர் வேண்டுமானால் 40 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

படி 2: ஐந்து டோன் வரைவு

உள்ளங்கை அளவு தாளில் கரிக்கட்டியால் காட்சியை ஐந்தே டோன்களில் வரையுங்கள். 1 மிக வெளிச்சம், 5 மிக இருட்டு. சூரியனைச் சுற்றிய வானம் 1, மேல் வானமும் மணலும் 2, கடல் 3, மணலில் நிழல் 4, படகின் நிழல் பக்கம் 5. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது படகு படகாகத் தெரியவில்லை என்றால் இங்கேயே திருத்துங்கள். இந்தப் பிழையை பத்தாயிரம் புள்ளி வைத்தும் சரிசெய்ய முடியாது.

படி 3: பலகைக்கு மாற்றுதல், அடிப்பூச்சு

வெளிர் நீல வாட்டர்கலர் பென்சிலால் கோடு போடவும். சாதாரணப் பென்சில் ஆகாது. அதன் தூள் மஞ்சளோடு சேர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் அதன் சொந்த நிறத்தை வெளிராக, நீர்த்து, தட்டையாகப் பூசுங்கள். வானத்துக்கு வெளிர் இளஞ்சிவப்பு, கடலுக்கு வெளிர் நீலப்பச்சை, மணலுக்கு வெளிர் ஆரஞ்சு, படகுக்கு நடுத்தர ஊதா. இதைத் தவிர்த்து நேராக வெள்ளைமேல் புள்ளி வைத்தால் இடுக்குகளில் தெரியும் வெள்ளை எல்லா நிறத்தையும் வெளுக்கச் செய்யும். படம் முழுக்க சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். சூராவும் கிராண்ட் ஜாட்டில் முதலில் சிறு தீற்றல்களால் பரப்பை நிரப்பி, அடுத்த சுற்றில்தான் மேலே புள்ளிகள் வைத்தார்.

படி 4: நிறங்களைத் தயாரித்தல்

டிபன் பாக்ஸில் நிறங்களை வானவில் வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை கலந்த இரண்டு சாயல்கள். பக்கத்து நிறங்களைக் கலக்கலாம். குவினாக்ரிடோன் சிவப்பும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் ஊதா. எதிர்நிறங்களைப் பேலட்டில் கலக்கவே கூடாது.

டோன் பொருத்தம் இங்கேதான் நடக்கிறது. அல்ட்ராமரைன் டியூபிலிருந்து வரும்போது மிகவும் இருட்டு. ஆரஞ்சின் டோனுக்கு அதைக் கொண்டுவர ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளையில் தொடங்கிப் பாருங்கள். ஒரு துண்டு அட்டையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, போனில் கறுப்புவெள்ளைப் படம் எடுங்கள். புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து மறைந்தால் டோன் சரி. தனித்துத் தெரிந்தால் எது இருட்டோ அதில் வெள்ளை சேருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவாகும் அரை மணி நேரம் பின்னால் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

பதம் தோசை மாவுபோல. பிரஷை எடுக்கும்போது புள்ளியில் கொம்பு முளைத்தால் ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஓரம் பரவினால் நீர் அதிகம்.

ஒவ்வொரு பகுதிக்கும் 3 சென்டிமீட்டர் சதுர மாதிரி ஒன்று அட்டையில் செய்து சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் பலகைக்கு வாருங்கள். தொடக்க விகிதங்கள் இவை. மேல் வானம்: வெளிர் நீலம் 5, வெளிர் ஊதா 3, இளஞ்சிவப்பு 2. அடிவானம்: வெளிர் மஞ்சள் 5, வெளிர் ஆரஞ்சு 3, இளஞ்சிவப்பு 2. கடல்: நீலப்பச்சை 5, நீலச் சாயல் 4, ஆரஞ்சுச் சாயல் 1. வெயில் மணல்: வெளிர் ஆரஞ்சு 5, வெளிர் மஞ்சள் 3, வெளிர் ஊதா 2. மணல் நிழல்: நீலச் சாயல் 5, ஊதா 4, ஆரஞ்சு 1. படகின் இருட்டு: அல்ட்ராமரைன் 5, குவினாக்ரிடோன் 3, தேலோ பச்சை 2, மூன்றும் வெள்ளை சேராமல். கறுப்பு இல்லாமலே அந்த இருட்டு கறுப்பைவிட ஆழமாக நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 5: புள்ளிச் சுற்றுகள்

பகுதி பகுதியாக முடிக்காதீர்கள்; நிறம் நிறமாகப் போங்கள். ஒரு நிறத்தை எடுத்தால் படம் முழுவதும் அது தேவைப்படும் இடமெல்லாம் தூவிவிட்டு, காய்ந்தபின் அடுத்தது. ஈரப் புள்ளியும் ஈரப் புள்ளியும் தொட்டால் குழைந்து சேறாகும். கோடையில் ஐந்து நிமிடம் போதும். மழைக்காலத்தில் இருபது நிமிடம் பொறுங்கள்.

முதல் சுற்றில் அந்தந்த இடத்தின் சொந்த நிறம், பரப்பில் பாதி. இரண்டாவதில் ஒளியின் நிறம்: வெயில் படும் இடமெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளும், நிழலெல்லாம் நீலமும் ஊதாவும். மூன்றாவதில் பிரதிபலிப்பு: படகின் அடிவயிற்றில் மணலின் ஆரஞ்சு, ஈர மணலில் வானத்தின் இளஞ்சிவப்பு. இந்த மூன்றாம் சுற்று மிகக் குறைந்த புள்ளிகள்தான், நூறு இருநூறு இருக்கலாம். படத்துக்கு உயிர் வருவது பெரும்பாலும் இதில்தான், அவசரப்படாதீர்கள்.

புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு ஒரு சொல். கோலத்தில் புள்ளி நேர்வரிசையில் விழ வேண்டும்; இங்கே விழவே கூடாது. வரிசை உண்டானால் கண் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டத்தைப் பார்த்துவிடும். கையை அடிக்கடி இடம் மாற்றுங்கள், பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குள் எல்லாப் புள்ளியும் ஒரு திசையில் விழுந்தால் நிறுத்திவிட்டு வேறு மூலைக்குப் போங்கள்.

ஒரு தோய்ப்பில் நான்கைந்து புள்ளி வரும், முதலாவது பெரிது, கடைசி சிறிது. பெரியவற்றை முன்மணலுக்கும் சிறியவற்றை வானத்துக்கும் கொடுங்கள், ஆழம் தானாக வரும்.

பலகையின் இருபுறமும் புத்தகம் வைத்து, குறுக்கே மர ஸ்கேலைப் போட்டு அதன்மேல் மணிக்கட்டை ஊன்றுங்கள். வியர்த்த கை ஈரப் புள்ளிகளை இழுத்துவிட்டால் ஒரு மணி நேர வேலை போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். வெளிச்சம் வடக்கு ஜன்னலோ 5000 முதல் 6500 கெல்வின் எல்இடியோ இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழ் வெளிர் மஞ்சள் புள்ளிகள் கண்ணுக்கே தெரியாது.

படி 6: ஓரங்கள்

படகின் விளிம்பைப் புள்ளி வரிசையால் சுற்றாதீர்கள், பாசிமணி மாலை போலாகிவிடும். விளிம்பை இரு பக்க டோன் வேறுபாடே காட்ட வேண்டும். இருண்ட படகு கடலைத் தொடும் இடத்தில் கடலை இன்னும் சிறிது வெளிச்சமாக்குங்கள், படகை இன்னும் சிறிது இருட்டாக்குங்கள். இரண்டு மூன்று புள்ளி அகலம் போதும். நீலப் படகின் ஓரத்தில் சில ஆரஞ்சுப் புள்ளிகள் கடல் பக்கமாக விழுந்தால் நீலம் துள்ளி எழும்.

தவறினால்

படம் சாம்பலாகிவிட்டதா? எதிர்நிறம் கால் பங்கைத் தாண்டியிருக்கும். சொந்த நிறத்தின் பக்கத்துச் சாயலில் ஒரு சுற்று வைத்தால் மீளும். புள்ளிகள் சேராமல் துருத்துகின்றனவா? போனில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்து, தனித்துத் தெரியும் புள்ளிகளை மட்டும் நடு டோன் புள்ளியால் மூடுங்கள். படம் தட்டையாக இருக்கிறதா? நிறத்தைத் தொடாதீர்கள், ஐந்தாம் டோனை அழுத்துங்கள். சேறான இடத்தைப் புள்ளியால் காப்பாற்ற முயல வேண்டாம். காயவிட்டு, அடிப்பூச்சு நிறத்தால் அந்த இடத்தைத் தட்டையாக மூடி, மறுபடி தொடங்குங்கள்.

வார்னிஷும் மாட்டும் இடமும்

புள்ளிகள் காய்ந்ததாகத் தொட்டால் தோன்றினாலும் ஒரு வாரம் பொறுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இரண்டு வாரம். ஈரக் காற்றில் வார்னிஷ் பூசினால் பால்போல் வெளுத்துப் படரும், ஆகவே மழை விட்ட நாளின் நண்பகலே நல்லது. மேட் வார்னிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு. பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், ஒவ்வொரு புள்ளியிலும் ட்யூப்லைட் மின்னும். அக்ரிலிக் வெப்பத்தில் இளகும் தன்மை உள்ளது; முகத்தோடு முகம் வைத்துப் படங்களை அடுக்கினால் மே மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குறுகலான நடைவழியில் மாட்டினால் புள்ளிகள் மட்டும் தெரியும். சோபாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள்.